கொங்கு இரும்பின் கதை – 14: பூண்டியின் உளி, திருப்பூரின் ஊசி

சென்ற இதழில் ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பரங்கிப்பேட்டை உலைகளோடு விட்டிருந்தோம். சேலத்துக் கஞ்சமலைத் தாதுவை நம்பி 1830-களில் அவர் நடத்திய ஆலை அவருக்குப் பணம் தரவில்லை. ஆனால் 1839-இல் இங்கிலாந்தில் அவர் எடுத்த ஒரு காப்புரிமை ஷெஃபீல்டு எஃகுத் தொழிலின் முகத்தையே மாற்றிவிட்டது. எஃகை உருக்கும்போது அதில் சிறிது மாங்கனீசு சேர்ப்பதுதான் அவர் சொன்ன வழி. எஃகில் ஒளிந்திருக்கும் கந்தகம் இரும்போடு சேர்ந்துகொண்டால், எஃகின் மணிகளுக்கு நடுவே எளிதில் உருகும் படலமாகப் பரவும். அப்படிப்பட்ட எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தட்டினால் பொடிந்துபோகும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தை இரும்பிடமிருந்து பறித்துத் தன்னோடு கட்டிவைக்கிறது. ஷெஃபீல்டுக்காரர்கள் இந்த வழியை எடுத்துக்கொண்டார்கள், உரிமைத்தொகை தர மறுத்தார்கள். வழக்கு முடிவதற்கு முன்பே, 1851-இல், ஹீத் இறந்துபோனார். இன்று கடையில் வாங்கும் கார்பன் எஃகு அநேகமாக எல்லாவற்றிலும் மாங்கனீசு இருக்கிறது. சேலத்துத் தாதுவோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதர் விட்டுச்சென்றது அது.

ஹீத்துக்குப் பிறகு கார்பன் எஃகு இரண்டு வழிகளில் பிரிந்து நடந்தது. ஒரு வழியில் அதை இழுத்துக் கம்பியாக்கினார்கள். இன்னொரு வழியில் அதைக் கடைந்தார்கள், செதுக்கினார்கள். பிறகு அதையே கருவியாக்கி மற்றதை வெட்டினார்கள். இந்த இரண்டு வழிகளும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கவேண்டுமானால் திருமுருகன்பூண்டிக்குத்தான் போகவேண்டும்.

அவினாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில், நல்லாற்றை ஒட்டி இருக்கிறது பூண்டி. கொங்கேழ் தலங்களில் ஒன்று. சேரமான் பெருமாளிடம் பொன் வாங்கிக்கொண்டு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்கள் வேடர் உருவில் வழிமறித்துக் கொள்ளையடித்த இடம் என்று தலபுராணம் சொல்லும். இன்று அந்தச் சாலையில் போகிறவரை முதலில் நிறுத்துவது உளிச்சத்தம். இங்கே கருங்கல்லில் சாமி சிலை செதுக்கும் பட்டறைகள் தலைமுறைகளாக நடக்கின்றன. கடல்கடந்த தமிழர் கோயில்களுக்கும் இங்கிருந்து சிலைகள் போகின்றன. அதே ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்டுகள். கல்லில் இறங்கும் உளி, நூலில் ஏறியிறங்கும் ஊசி இரண்டும் கார்பன் எஃகில் பிறந்தவை. இரண்டும் ஒரே எஃகிடம் நேர்மாறான வேலைகளைக் கேட்கின்றன. இந்த முரணைப் புரிந்துகொண்டால் கடந்த 170 ஆண்டுகளின் எஃகு வரலாற்றில் பாதி விளங்கிவிடும் என்பது என் கருத்து.

எஃகும் நூலும் இந்தப் பகுதியில் சந்திப்பது புதிதல்ல. நொய்யல் ஆற்றின் கீழ்ப்பக்கம், அதன் வடகரையில் உள்ள கொடுமணலைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்க இதழ்களில் விரிவாக எழுதினோம். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசை உலைகளும் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த சுடுமண் தக்களி ஒன்றைத்தான் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அதன் நடுத்துளையில் ஓர் இரும்புக் கம்பி செருகியிருந்தது. இந்த ஆற்றங்கரையில் பஞ்சும் இரும்பும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைகோத்திருக்கின்றன.

இப்போது ஊசிக்கு வருவோம். துணி தைக்கும் ஊசி அல்ல, துணியையே பின்னும் ஊசி. நிட்டிங் எந்திரத்தில் 30 இஞ்ச் டயா, 24 கேஜ் என்றால் அந்த வட்ட சிலிண்டரைச் சுற்றி இஞ்சுக்கு 24 ஊசி நிற்கிறது என்று பொருள். கணக்குப் போட்டால் சுமார் 2,260 ஊசிகள். சிங்கிள் ஜெர்சி எந்திரத்தைச் சுற்றி நூல் ஊட்டும் 90 பீடர்கள் இருந்தால், சிலிண்டர் ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு ஊசியும் 90 தடவை ஏறி இறங்கி 90 கண்ணிகளைப் பின்னவேண்டும். நிமிடத்துக்கு 25 சுற்று என்றால், ஓர் ஊசிக்கு நொடிக்கு 37 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஊசியின் அடியில் உள்ள குதி கேம் பாதையின் சுவரில் மோதித் திசை திரும்புகிறது. தலையில் உள்ள குட்டித் தாழ் திறந்து மூடிக் கொக்கியில் அடிக்கிறது. ஒரு ஷிப்டில் இது பத்து லட்சம் தடவையைத் தாண்டிவிடும். இதைத் தாங்கும் ஊசியின் கொக்கிப் பகுதி ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது.

அந்த 2,260-இல் ஒன்று மட்டும் லேசாக வளைந்தாலோ, அதன் தாழ் தேய்ந்தாலோ, துணி நெடுக ஒரு கோடு விழும். நிட்டிங்காரர்கள் அதை நீடில் லைன் என்பார்கள். சாயம் போட்ட பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். ரோல் ரோலாகத் துணி திரும்பி வந்து, கூலிக்கு நிட்டிங் ஓட்டுகிற சிறிய யூனிட்டின் ஒரு மாத லாபத்தை அந்தக் கோடு தின்றுவிடும். திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்குகளைப் பேசும்போது நூல் விலையையும் டாலர் விலையையும் பேசுகிறோம். இந்த மெல்லிய எஃகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

இந்த ஊசியின் வம்சம் 1589-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தார். கைப்பின்னலில் ஒரே ஊசியில் பல கண்ணிகள் தொங்கும். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஊசி வைத்தார். முதலில் இஞ்சுக்கு 8 ஊசி, பிறகு பட்டுக் காலுறைக்காக 20 ஊசி. இஞ்சுக்கு எத்தனை ஊசி என்பதை முடிவு செய்தது அவருடைய கற்பனை அல்ல, அவருக்குக் கிடைத்த கம்பி. இங்கிலாந்தில் நீர்ச்சக்கரத்தால் கம்பி இழுக்கும் ஆலை டின்டர்னில் 1560-களில்தான் தொடங்கியிருந்தது. அதுவும் ஆட்டுரோமம் சீவும் பற்களுக்காக. மெல்லிய கம்பி எங்கே கிடைத்ததோ அங்கேதான் மெல்லிய பின்னல் பிறந்தது.

லீயின் ஊசி வில்போல வளைந்த நீண்ட முனை கொண்டது. அதை அழுத்தி மூட எந்திரத்தில் தனி உறுப்பு வேண்டும். 1840-களின் இறுதியில் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்ஸெண்ட் அதற்குப் பதில் ஒரு சின்னத் தாழை வைத்தார். பின்னும் நூலே தாழைத் திறந்து மூடியது. எந்திரம் எளிதாயிற்று, வேகம் கூடியது. 1852-இல் ஜெர்மனியின் ஸ்வாபிய மலைப்பகுதியில் எபிங்கன் என்ற ஊரில் தியோடர் குரோஸ் ஊசிப் பட்டறை போட்டார். 1937-இல் அது கெம்னிட்ஸ் நகரத்து பெக்கெர்ட் நிறுவனத்தோடு இணைந்து குரோஸ்-பெக்கெர்ட் ஆயிற்று. திருப்பூரில் இந்தப் பெயரைத் தெரியாத நிட்டிங் மெக்கானிக் இருக்கமாட்டார். எபிங்கனுக்கு அடுத்த ஊர் டைல்ஃபிங்கன். திருப்பூரில் ஓடும் மேயர் எந்திரங்கள் அங்கே பிறந்தவை. எந்திரமும் ஊசியும் ஒரே மலைச்சாரலில் பக்கத்து ஊர்களில் வளர்ந்ததால், ஒன்றின் குறையை மற்றொன்று அன்றன்றைக்கே திருத்த முடிந்தது.

டவுன்ஸெண்டின் தாழ் ஊசிக்கு மென்மையான இரும்புக் கம்பி போதாது. கொக்கி வளைந்து கொடுத்து மறுபடி நிமிரவேண்டும், தேயக்கூடாது. அதற்குக் கார்பன் வேண்டும். கார்பன் கூடினால் கம்பி இழுக்க வராது. 1850-கள் வரை கம்பித் தொழில் மோதி நின்ற சுவர் இதுதான்.

நம் மூசை எஃகு இதில் எங்கே நிற்கிறது என்று வாசகர் கேட்கலாம். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் அதைப் போலச் செய்ய முயன்றார்கள். வாளுக்கும் கத்திக்கும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதில் கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. கார்பன் 0.8 சதவீதத்தைத் தாண்டும்போது, மிஞ்சிய கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான சேர்மமாகி மணிகளின் எல்லையில் வலைபோலப் படியும். பதமான சூட்டில் பொறுமையாகத் தட்டினால் அந்த வலை உடைந்து வாளில் அலைகோலமாக வரும். நம் கொல்லர்கள் அதில் தேர்ந்தவர்கள். துளைக்குள் விட்டு இழுத்தாலோ அந்த வலை வழியாகவே அறுந்துபோகும். வாளில் பெருமையாக நின்ற குணமே கம்பியில் எமனாயிற்று. மூசை எஃகின் வீழ்ச்சிக்கு ஆட்சி மாற்றத்தையும் காடழிப்பையும் சொல்கிறோம், அவை உண்மைதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு எஃகிடம் கேட்ட வேலையே மாறிப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது வாளைக் கேட்கவில்லை; கம்பியையும் தண்டவாளத்தையும் கேட்டது.

சுவரை உடைத்தவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால், 1854-இல். கார்பன் எஃகுக் கம்பியை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தண்ணீரில் தோய்க்காமலும் காற்றில் ஆறவிடாமலும், நடுத்தரமான ஒரு வேகத்தில் குளிரவைக்கும் முறையை அவர் வகுத்தார். இந்த முறை வளர்ந்து, சுமார் 500 முதல் 550 டிகிரியில் உருகிய ஈயத்தொட்டிக்குள் கம்பியை ஓடவிடுவதாக நிலைத்தது. ஈயம் சூட்டைச் சட்டென்று வாங்கி, பிறகு அந்த அளவிலேயே பிடித்துவைக்கிறது. அப்போது எஃகுக்குள் மென்மையான இரும்பும் கடினமான சிமென்டைட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, மிக மெல்லிய அடுக்குகளாக அமைகின்றன. ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கனமான சிமென்டைட் உடையும். இத்தனை மெல்லியது வளைந்து நீண்டுகொடுக்கும். துளைக்குள் இழுக்க இழுக்க அடுக்குகள் கம்பியின் நீளவாக்கில் திரும்பி இன்னும் நெருங்குகின்றன. கம்பி மெலிய மெலிய வலுக்கிறது. ஹார்ஸ்ஃபாலின் கம்பி முதலில் பியானோவுக்குப் போயிற்று. 1866-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட தந்தி வடத்தின் மேல்கவசத்துக்கு வெப்ஸ்டர் அண்ட் ஹார்ஸ்ஃபால் ஆலைதான் கம்பி கொடுத்தது.

இன்றைய கம்பி ஆலையில் நடப்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே போனவர்கள் குறைவு. ஐந்தரை மில்லிமீட்டர் ராடு சுருளாக வருகிறது. அமிலத்தில் கழுவி அதன் துருவை எடுக்கிறார்கள். பிறகு பாஸ்பேட் அல்லது சுண்ணாம்புப் பூச்சு. அது இல்லையென்றால் சோப்புத்தூள் கம்பியில் ஒட்டாது. ஆம், சோப்புத்தூள்தான். கம்பியை இழுக்கும் துளை கொண்ட ஒவ்வொரு டைக்கும் முன்னால் உள்ள பெட்டியில் உலர்ந்த சோப்பு நிறைந்திருக்கும். கம்பி அதற்குள் நுழைந்து சோப்பை இழுத்துக்கொண்டு டைக்குள் போகும். டைக்குள் இருக்கும் அழுத்தத்திலும் சூட்டிலும் சோப்பு இளகி எஃகுக்கும் டைக்கும் நடுவே படலமாகிறது. ஒரு டையில் கம்பியின் குறுக்குப்பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஐந்தரை மில்லிமீட்டரை ஒரு மில்லிமீட்டர் ஆக்கச் சுமார் 15 டைகள் வேண்டும். ஒரு மீட்டர் ராடு 30 மீட்டர் கம்பியாகும். கடைசி டையிலிருந்து கம்பி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், முதல் டைக்குள் அது நுழைவது நொடிக்கு மூன்றில் ஒரு மீட்டர்தான். நடுவில் உள்ள ஒவ்வொரு சக்கரமும் அதற்கேற்ற வேகத்தில் சுழலவேண்டும்.

வேகத்தின் எதிரி சூடு. இழுக்கச் செலவிடும் ஆற்றல் அநேகமாக முழுவதும் சூடாகக் கம்பியிலேயே தங்குகிறது. 150, 200 டிகிரியைத் தாண்டினால் எஃகு அந்த இடத்திலேயே மூப்படைந்து முறுக்கினால் ஒடியும். பார்க்கக் கம்பி நன்றாகத்தான் இருக்கும், வளைக்கும்போதுதான் தெரியும். அதனால் டையைச் சுற்றியும் சக்கரத்துக்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு எதிரி அழுக்கு. உருக்கும்போது எஃகுக்குள் சிக்கிய ஓர் அலுமினா துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும், மெல்லிய கம்பி அங்கே வந்து அறும். கம்பி எஃகு சுத்தமாக இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

இனி மற்ற வழி. கடைசல் தொழிலில் 1890-கள் வரை வெட்டும் கருவியும் பெரும்பாலும் கார்பன் எஃகுதான். வேகம் கூட்டினால் முனை சூடேறி, 250 டிகிரியிலேயே பதம் இறங்கி மழுங்கும். அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்சல் ஒயிட்டும் 1890-களின் கடைசியில் டங்ஸ்டன் கலந்த கருவி எஃகைப் பதமிட்ட முறை இந்தக் கட்டை உடைத்தது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை செஞ்சூட்டில் கனன்றபடியே கருவி இரும்பைச் சீவி எறிந்ததைப் பார்த்துப் பொறியாளர்கள் வாயடைத்து நின்றார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் என்று நம் லேத் பட்டறைகளில் சொல்வது அந்த வம்சம்.

அடுத்த பாய்ச்சல் கடைசல் பட்டறையிலிருந்து வரவில்லை, கம்பித் தொழிலிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனம் மின்விளக்கு இழைக்காக டங்ஸ்டன் கம்பி இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு வைரத்தில் துளையிட்ட டைகள் வேண்டும். முதல் உலகப்போருக்குப் பிறகு அவற்றின் விலை கட்டுப்படியாகவில்லை. வைரத்துக்கு மாற்றுத் தேடி, டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்டோடு சேர்த்துச் சுட்டு இறுக்கும் முறையை 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் கண்டார். குரூப் நிறுவனம் அதை வாங்கி, 'விடியா' என்ற பெயரில் 1927 லைப்சிக் கண்காட்சியில் வெட்டுக்கருவியாகக் காட்டியது. கம்பி இழுக்கப் பிறந்த பொருள் கடைசல் வேகத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கார்பன் எஃகுக் கருவி நிமிடத்துக்குப் பத்து மீட்டர் வேகத்தில் திணறிய இடத்தில் இன்று கார்பைடு முனை இருநூறு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் வெட்டுமிடத்துச் சூட்டில் பெரும்பகுதியைச் சீவலே வாங்கிக்கொண்டு பறந்துவிடுகிறது. கோவை லேத் பட்டறைகளில் 'விடியா டூல்' என்பது இன்றும் அன்றாடப் பேச்சு.

அதே பொருள்தான் பூண்டியின் உளி முனையிலும் வந்து உட்கார்ந்தது. கருங்கல்லை உளி வெட்டுவதில்லை. அதன் மணிகளை நொறுக்குகிறது. கருங்கல்லில் உள்ள படிகக்கல் பதமிட்ட எஃகுக்குச் சளைத்ததல்ல. அதனால் கார்பன் எஃகு உளி சீக்கிரம் மழுங்கும். சிற்பிக்குப் பக்கத்திலேயே உலை வேண்டும். முனையைச் செஞ்சூட்டுக்குக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய முனையில், காம்பில் மிஞ்சிய சூடு ஏறி வரும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்தி முழுக்கத் தோய்ப்பது என்பது கைப்பழக்கம். ஒரு நிறம் முந்தினால் முனை தெறிக்கும், பிந்தினால் மடங்கும். துவைச்சல் என்று சொல்லும் இந்த வேலையைச் செய்யத் தெரிந்த கொல்லரை நம்பித்தான் சிலை நின்றது. கார்பைடு முனையும், காற்றழுத்த உளியும், வைரப் பல் வைத்த அறுக்கும் சக்கரமும் வந்தபிறகு அந்த உலைகளின் வேலை சுருங்கிவிட்டது. முகத்தின் கண்ணும் உதடும் விரலும் இன்னும் கையுளியில்தான் திறக்கின்றன.

இப்போது முரணுக்கு வரலாம். கம்பி இழுக்கிறவருக்கு எஃகுக்குள் சிமென்டைட் மெல்லிய அடுக்காக இருக்கவேண்டும். கடைகிறவருக்கு அதே சிமென்டைட் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கவேண்டும். உயர் கார்பன் எஃகை 700 டிகிரி அளவில் பல மணிநேரம் வைத்திருந்தால் அடுக்குகள் உடைந்து உருண்டைகளாகும். எஃகு இளகி, வெட்டவும் வளைக்கவும் வரும். கந்தகமும் அப்படித்தான். கடைகிறவருக்குக் கந்தகம் நண்பன்: மாங்கனீசோடு சேர்ந்த அதன் துகள்கள் சீவலை ஒடித்துவிடும், கருவி சீக்கிரம் தேயாது. வேண்டுமென்றே கந்தகமும் ஈயமும் சேர்த்த எஃகை ஆட்டோமேட் லேத்துகளுக்கு விற்கிறார்கள். அதே துகள் கம்பி இழுக்கிறவருக்கு அறுபடும் இடம்.

தாழ் ஊசி இந்த இரண்டு பேரையும் திருப்திப்படுத்தவேண்டும். முதலில் அது கம்பியாகவோ தகடாகவோ நீளவேண்டும். பிறகு உருண்டைப்பதத்துக்கு வந்து அச்சில் வெட்டுப்படவேண்டும். அதன் தண்டில் தாழ் உட்காரும் பள்ளத்தைக் காகிதம்போல் மெல்லிய ரம்பம் அறுக்கும். தாழைப் பொருத்தி அச்சாணி இறுக்குவார்கள். கொக்கி வளையும். கடைசியில் கடினப்படுத்தி, பதம் இறக்கி, மெருகேற்றவேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு சிலிண்டரின் 2,260 ஊசிகளும் உயரத்திலும் பதத்திலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒன்றிரண்டு நல்ல ஊசி எந்தத் திறமையான டூல்ரூமிலும் செய்துவிடலாம். அதே ஊசியைக் கோடிக்கணக்கில் வேறுபாடின்றிச் செய்வதுதான் தொழில்.

திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் 1920-களிலேயே வந்துவிட்டன. கையால் சுற்றும் எந்திரங்கள், உள்ளூர் பனியன். 1970-களின் பிற்பகுதியில் இத்தாலிக்காரர்கள் வந்து வெள்ளை டீ-சட்டை கேட்டதும் ஊரின் போக்கு மாறியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. கோவைப் பக்கம் 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு எந்திரங்களை இங்கேயே செய்யக் காட்டியது. 1980-களின் இறுதியில் சி.என்.சி. லேத்துகளும் செய்யத் தொடங்கியது. பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று கொங்கு கைவைக்காத உலோக வேலை குறைவு. ஆனால் வட்டப் பின்னல் எந்திரமும் அதன் ஊசியும் இன்றும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. குரோஸ்-பெக்கெர்ட் 1960-களிலிருந்து சண்டிகரில் ஊசி செய்கிறது. மற்றவை ஜெர்மனி, ஜப்பான், சீனா. இதற்கு முதலீடு இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. நம் பொறியியல் வளம் வெட்டுவதிலும் வார்ப்பதிலும் வளர்ந்தது. எஃகின் உள்ளமைப்பைச் சூட்டால் ஆளும் வேலை, அதாவது ஈயத்தொட்டி, உருண்டைப்பதம், மெல்லிய தகட்டை வளையாமல் கடினப்படுத்துவது ஆகியவை, நம் பட்டறைகளில் ஓரத்து வேலையாகவே நின்றுவிட்டன. நிறம் பார்த்து உளியைத் தோய்த்த கொல்லரின் அறிவுக்கும் உலோகவியல் வகுப்பறைக்கும் நடுவே யாரும் பாலம் கட்டவில்லை. பூண்டியில் அந்த அறிவுள்ள கைகள் இன்னும் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அளந்து, எழுதிவைக்கும் வேலையைக் கோவையிலோ திருப்பூரிலோ ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எடுத்துக்கொள்ளவேண்டும். நான் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

பஞ்சு நூலாவதற்கும் முன்னால் அதைச் சீவுகிற ஒரு கம்பி இருக்கிறது. டின்டர்ன் ஆலை எந்த வேலைக்காகத் தொடங்கியதோ அதே வேலை. கார்டிங் எந்திரத்தின் உருளையில் கிலோமீட்டர் கணக்கில் சுற்றப்படும் பற்கம்பி, கார்பன் எஃகில் இழுத்து, தட்டையாக்கி, அதிவேகத்தில் பல் வெட்டிப் பதமிடப்படுவது. கொங்கின் நூற்பாலைகளுக்குள் அது எப்படி வந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.